எந்த ஃபில்டர் மாட்டுவது?

"செருப்பைக் கழட்டிட்டு நேரா சமையலறைக்கு வாப்பா. காலையிலேர்ந்து உனக்காகத்தான் வாசலையே பார்த்துட்டு இருக்கேன்!"

கதவைத் திறந்த ஹியாம், வாசலில் நின்ற இளைஞனை வாய் திறக்க விடவில்லை. "சின்னம்மா, நான் வந்து..." என்று அவன் தொடங்கியபோதே, கையிலிருந்த பையை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

"இந்தக் கெட்டிலைப் பாரு. வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது. உள்ளே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. இந்த அம்மான் நகரத்துல வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணியே விடறாங்க. விடறதும் இந்த லட்சணம்! சரி, நான் எப்படியோ குடிச்சுக்கறேன். என் செடிங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

அவன் முன்னறையை எட்டிப் பார்த்தான். ஜன்னல் ஓரம், அலமாரி, டிவி மேசை என்று எங்கு பார்த்தாலும் தொட்டிகள். பெரணிச் செடியின் இலை ஓரங்கள் கருகியிருந்தன. மண்மேல் வெள்ளைப் படலம்.

எதையோ சொல்ல வந்தவன், அதை மறந்து பெரணிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"கடையில போன்ல கேட்டேன். உப்புப் போடற பெரிய மெஷின்தான் சரின்னாங்க" என்றாள் ஹியாம்.

"ஐயோ, அது வேண்டாம் சின்னம்மா. துணி துவைக்க, குளிக்கன்னா நல்லது. ஆனா சுண்ணாம்பை எடுத்துட்டு உப்பை விட்டுடும். செடி இன்னும் வாடும்."

"அப்போ ஜக்கு மாதிரி ஒண்ணு விக்குதே?"

"ஒருத்தர் டீ போடத்தான் சரி. இத்தனை தொட்டிக்கு எப்படிப் பத்தும்? சிங்க்குக்கு அடியில சின்னதா ஒரு ஆர்.ஓ. மாட்டிடுங்க. அந்தத் தண்ணியோட கொஞ்சம் குழாய்த் தண்ணியும் கலந்து ஊத்துங்க. செடிக்கும் துளி சுண்ணாம்பு வேணும். கழிவுத் தண்ணியைக் கொட்டிடாதீங்க, தரை துடைக்கலாம்."

விலை கூடின மெஷினை வேண்டாம் என்று சொல்கிற ஃபில்டர்காரனை ஹியாம் இதுவரை கண்டதில்லை. அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஈரத் துணியால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தான். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல அவ்வளவு மெதுவாக. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு மனம் இளகிவிட்டது.

"சீக்கிரம் முடிச்சுடுப்பா. நாலு மணிக்கு என் பொண்ணைக் கேட்டு ஆளுங்க வர்றாங்க. ரனீம் இப்பதான் அவங்களுக்குக் குனாஃபா இனிப்பு வாங்கக் கீழே போனா."

துணி நின்றது.

"நல்ல விஷயம்தானே, சின்னம்மா?"

"என்ன நல்லது? முடியாதுன்னு சொல்லப் போறேன்."

"பையன் சரியில்லையா?"

"யார் கண்டா? ரனீம் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினா, நான் திரும்பிக்கூடப் பார்க்கல. ஊரு எங்கேயோ தூரத்துல, அகபாவாம். அவளையும் அங்கே கூட்டிட்டுப் போயிட்டான்னா, இந்த வீட்டுல நான் யார்கூடப் பேசறது? இந்தத் தொட்டிங்களோடயா?" குரல் உடைந்தது. முந்திக்கொண்டு அவளே சிரித்தாள். "பைத்தியக்காரி! யாருன்னே தெரியாத உன்கிட்டப் போய்ச் சொல்றேன் பாரு."

அவன் கையிலிருந்த துணியை மடித்தான். பிறகு தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"காலையிலேர்ந்து பாடிக்கிட்டே வீட்டைப் பெருக்கறா. அதான்பா எனக்குப் பயமே!"

"அந்தப் பையன் வேலையை இங்கே மாத்திக்கிட்டு, பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்க்கத் தயாரா இருந்தா?"

"அப்படி எவன் செய்வான்?"

"முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

"நீ யார் பக்கம்டா?"

"இந்தப் பெரணி பக்கம். நீங்க அழுதா இதுக்கு யார் தண்ணி ஊத்தறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வாய்விட்டுச் சிரித்தபோது, அழைப்புமணி அடித்தது.

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்களோ? பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். தோளில் கருவிப்பையும் வியர்வை வழியும் முகமுமாக ஓர் ஆள் நின்றிருந்தார்.

"ஃபில்டர் கம்பெனியிலேர்ந்து வர்றேன்மா. லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க."

ஹியாம் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கையில் ஈரத் துணியோடு எழுந்து நின்றவனின் முகம் காதுவரை சிவந்திருந்தது.

"நாலு மணிக்கு வர வேண்டியவன் நான்தான், சின்னம்மா. படபடப்புல எங்க வீட்டாளுங்களுக்கு முன்னாடியே வந்துட்டேன்."

அவனையும் அவன் துடைத்த பெரணியையும் மாறி மாறிப் பார்த்த ஹியாம், வாசலில் நின்றவரிடம் சொன்னாள்:

"உள்ளே வாங்க. எந்த ஃபில்டரை மாட்டணும்னு எங்க மாப்பிள்ளை சொல்வார்."