துணைக்கு வந்தவங்க

"அடிச்சானா?"

"இல்ல மாமா."

"குடிக்கிறானா?"

"இல்ல."

"வேற பொம்பளைத் தொடர்பு, கிடர்பு?"

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன், அப்படியெல்லாம் எதுவும் இல்ல."

"அப்புறம் என்னத்துக்கும்மா புருஷனை விட்டுப் பிரியணும்னு குலா கேக்குற?" என்றார் சதக்கத்துல்லா.

பள்ளிவாசலை ஒட்டிய ஜமாஅத் அறை. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் தொழுகை நடத்தும் ஹஜ்ரத், நிர்வாகிகள் சதக்கத்துல்லாவும் அலாவுதீனும், ஜுலைகாவின் கணவன் இர்பான். அந்தப் பக்கம் ஜுலைகாவும் துணைக்கு வந்த ஒரு பெண்ணும்.

ஜுலைகாவின் அத்தா போன மாதம்தான் மவுத்தானார். அம்மா அவருக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் இருப்பதால் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. அதனால்தான் பக்கத்துத் தெரு மாமி துணை.

இர்பான் திருமங்கலத்தில் டயர் கடை வைத்திருந்தான். "ஜமாஅத் எழுதிக் கொடுத்தா நானும் சம்மதிக்கிறேன். இல்லைன்னா மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, செல்போனில் மூழ்கிவிட்டான். அவன் சம்மதித்தால் கோர்ட்டில் சீக்கிரம் முடிந்துவிடும். இல்லையென்றால் ஜுலைகா வருஷக்கணக்கில் அலைய வேண்டும்.

"நிக்காஹ்ல அவரு மஹராப் போட்ட வளையலைத் திருப்பிக் கொடுத்துடுறேன் மாமா. கையோட கொண்டு வந்திருக்கேன்."

திரைக்குக் கீழே ஒரு கைக்குட்டை முடிச்சு நகர்ந்து வந்தது.

"அதை உள்ள வைம்மா. முதல்ல காரணத்தைச் சொல்லு."

"அவரு எங்கூடப் பேசுறதில்ல."

அலாவுதீன் சிரித்துவிட்டார். "பேசாத புருஷன் கிடைக்கணும்னு என் வீட்டுக்காரி தர்காவுல நேர்ச்சையே வச்சிருக்கா. நீ என்னடான்னா!"

"கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தாக்கூடப் பரவாயில்ல மாமா. எதைச் சொன்னாலும் 'ம்'. அம்புட்டுத்தான். எங்க அத்தாவுக்கு நெஞ்சு வலிக்குதாம்னு சொன்னேன். 'ம்'முன்னாரு. மறுநாள் மய்யித்து வீட்டுல வந்து நின்னுக்கிட்டு, 'எப்பலேருந்து உடம்புக்கு முடியல?'ன்னு என்னையவே கேக்குறாரு."

சிரிப்பு நின்றது.

"என்னப்பா இர்பான், புள்ள சொல்றது நெசமா?" என்று கேட்டார் ஹஜ்ரத்.

"ம்?" என்று நிமிர்ந்தான் அவன்.

அதற்குள் சதக்கத்துல்லாவின் போன் அடித்தது. யானைக்கல்லில் அவருக்கு வாழைக்காய் மண்டி. கண்ணாடியைத் தேடாமலே எடுத்துக் காதில் வைத்தார்.

"அண்ணே..."

"யாரு, அழகுபாண்டியா? வாடிப்பட்டி லோடு வந்துருச்சா? புது நம்பரா இருந்தா என்ன மாப்ள, உன் குரல் எனக்குத் தெரியாதாக்கும்? எறக்கி வையி, வாரேன்."

போனை வைத்ததும் ஹஜ்ரத் மெதுவாகச் சொன்னார். "பாய், மார்க்கத்துல இதுக்கு இடம் இருக்கு. நபியவங்க காலத்துலயே ஒரு பொண்ணு வந்து, 'என் புருஷன்கிட்ட குறை ஒண்ணும் இல்ல, ஆனா அவரோட என்னால வாழ முடியல'ன்னு நின்னிருக்கு. மஹராக் கொடுத்த தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பிரிச்சுத்தான் விட்டாங்க."

"இருக்கட்டும் ஹஜ்ரத். பேசலை, சிரிக்கலைன்னு வாரவங்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தா, ஊர்ல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியாது."

"அந்தப் புள்ளைய முழுசாப் பேச விடுங்களேன்." திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல்.

"துணைக்கு வந்தவங்க பேசக்கூடாதும்மா" என்றார் சதக்கத்துல்லா, மரியாதையாகவே. "பெரியவங்க நாங்க இருக்கோம்ல?"

பிறகு ஜுலைகாவின் பக்கம் திரும்பினார்.

"பெத்த அத்தா மாதிரி சொல்றேன், கேட்டுக்க. முப்பது வருஷமா என் வீட்டுல ஒரு சத்தம் உண்டா? நான் பாட்டுக்கு மண்டிக்குப் போறேன், வாரேன். அவ பாட்டுக்குச் சோறு வைக்கிறா. இன்ன வரைக்கும் ஒரு குறைன்னு அவ வாயைத் திறந்ததில்ல. அதும்மா குடும்பம். பேசாம வீட்டுக்குக் கிளம்பு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாரு."

ஜுலைகாவின் குரல் உடைந்தது. "எம்புட்டு நாள் மாமா? கடைத்தெருவுல கூட்டத்துக்குள்ள நின்னு நான் கூப்பிட்டா, யாரோ கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பார்க்காமப் போயிருவாரு. என் குரலே அவருக்குத் தெரியாது."

சதக்கத்துல்லா கைக்குட்டையைத் திரைக்கு அந்தப் பக்கமே தள்ளினார்.

"கேக்குறவங்க சிரிப்பாங்கம்மா. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, பொண்டாட்டி குரல் தெரியாத புருஷன் எவன் இருக்கான்? அப்படி ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து காட்டு. இந்த நிமிஷமே கையெழுத்துப் போடுறேன்."

"அப்பச் சரி. பேனாவை எடுங்க."

மறுபடியும் துணைக்கு வந்த பெண்தான்.

சதக்கத்துல்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பவே சொன்னேன்ல, குறுக்க பேசாதீங்கன்னு? யாரும்மா நீங்க? எந்த வீடு?"

திரைக்குக் கீழே கைக்குட்டை முடிச்சு மறுபடியும் இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது.

"உங்க வீடுதான். இங்க வாரேன்னு காலையிலயே சொன்னேன். 'ம்'முன்னீங்க."