ரிப்போர்ட் வந்த அன்று

"வந்துட்டாரு புகைபோக்கி!" என்றாள் ஓபல்.

புகையிலைக் கொட்டகையிலிருந்து வந்த கணவர் டெல்மர் மேல் புகை வாடை ஆளைத் தூக்கியது. வாயில் சுருட்டு வேறு. இலைக்கு விறகுப் புகை போடுகிற சாக்கில் மனுஷன் உள்ளே உட்கார்ந்து தானும் ஊதித் தள்ளுகிறார் என்று ஓபலுக்கு மூன்று மாதமாக வயிற்றெரிச்சல்.

"நர்ஸ் கொண்டு வந்திருக்கிற ரிப்போர்ட்ல பூச்சிமருந்து இருந்துச்சுன்னா, சுருட்டுப் பெட்டி அடுப்புக்குள்ள! சத்தியம் பண்ணியிருக்கே."

"சரிடி" என்றார் டெல்மர்.

பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, கென்டக்கி முழுக்கப் புகையிலைக்காரர்களின் சிறுநீரைச் சேகரித்துப் போயிருந்த நர்ஸ் ஜானெல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாளைப் பிரித்தாள்.

"ஆச்சரியமா இருக்கு. இந்தப் பக்கம் புகைக்கிற எல்லாருக்கும் மருந்து எச்சம் இருக்கு. ஐயாவுக்கு மட்டும் துளிகூட இல்ல."

ஓபலின் முகம் தொங்கிப் போனது.

"பாத்தியா? என் ஈரல் இரும்பு!" டெல்மர் நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

"ஈரல் அதைச் சிதைக்கும்தான்" என்றாள் நர்ஸ். "புகையோட நுரையீரலுக்குப் போயி, ரத்தத்துல கலந்து, ஈரல்ல உடைஞ்சு, ரெண்டு மூணு நாள்ல சிறுநீர்ல வெளியேறிடும். ஆனா தினம் ஊதினா தினம் உள்ள போயிட்டே இருக்குமே. இவருக்கு எப்படி இல்லாம போச்சுன்னுதான் புரியல."

ஓபலுக்குப் புரிந்தது. எட்டி அந்தச் சுருட்டைப் பிடுங்கினாள். ஒரு முனை மென்று நசுங்கியிருந்தது. மறுமுனையில் நெருப்பே பட்டதில்லை.

"எப்போ விட்டே?"

டெல்மர் தரையைப் பார்த்தார். "உனக்கு அந்த இருமல் வந்துச்சே, அன்னிக்கே. டாக்டர் புகை ஆகாதுன்னாரில்ல."

மூன்று மாதமாக ஓபல் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். மனுஷன் வாயைத் திறக்கவில்லையே!

"அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊரையே கூப்பிட்டு விருந்து வெச்சிருப்பேனே!"

டெல்மர் பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவா பேசுடி! அடுத்த வாரம் சுருட்டுக் கம்பெனிக்காரங்க இலை வாங்க வராங்க. விளைவிச்சவனே விட்டுட்டான்னு தெரிஞ்சா, இருபது ஏக்கர் இலையை யார் தலையில கட்டறது?"