மூளை ஒத்துப்போகுது

"தலையை ஆட்டாதீங்க. ஆட்டினா உங்க மூளை வேற யாரோட மூளை மாதிரியோ காட்டிடும்!"

பரிசோதனை அறையில் அந்தப் பெண் இப்படிச் சொன்னதும், நாற்காலியில் இருந்தவன் கழுத்தை அப்படியே விறைத்துக்கொண்டான். ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு ஆளின் மூளைதான்.

அந்த மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் இவனுடைய அண்ணன். இவன் தையல்காரன். இரட்டையர்கள். அண்ணன் நாலு நிமிடம் மூத்தவன், அவ்வளவுதான். பெற்ற அம்மாவே இன்றைக்கும் ஒருவனுக்கு வைத்திருந்த திட்டை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, "அப்ப அவன் எங்கே?" என்று தேடுகிறாள்.

"இன்னைக்கு ஒரு நாள் எனக்குப் பதிலா போடா. யாருக்கும் லீவு கிடையாதுன்னுட்டாங்க. வரலைன்னா வேலை போயிடும்" என்று காலையில் அண்ணன் கெஞ்சினான்.

"உனக்கு அப்படி என்ன வேலை?"

"சாயந்திரம் சொல்றேன். தைரியமா போ, ஒண்ணும் ஆகாது!"

கம்பெனிச் சட்டையை இவன் தலையில் மாட்டிவிட்டு ஆள் பறந்துவிட்டான். உள்ளே மூளையைச் சோதிக்கும் மெஷின் வந்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, படுபாவி.

"போன மாசமே எல்லார் மூளையையும் பதிவு பண்ணியாச்சு" என்றார் பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. "படம் காட்டுவோம். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொருத்தன் மூளை ஒவ்வொரு மாதிரி குதிக்கும். முகத்துல ஏமாத்தலாம், கையெழுத்துல ஏமாத்தலாம், இதுல முடியாது. ஆள் மாறாட்டம்னு தெரிஞ்சா அனுப்பினவன், வந்தவன் ரெண்டு பேரையும் போலீஸ்ல குடுத்துடுவேன்!"

வந்தவன் நாற்காலியில் இன்னும் நேராக உட்கார்ந்தான். ஒயர்கள் தொங்கும் தொப்பியை அந்தப் பெண் அவன் தலையில் அழுத்தினாள். முதலில் முன்பின்னாக வைத்துவிட்டு, பிறகு திருப்பினாள். உள்ளங்கையில் ஒரு துண்டுச் சீட்டை ஒளித்து வைத்துக்கொண்டு அடிக்கடி அதைப் பார்ப்பதும், இவனைப் பார்ப்பதுமாக இருந்தாள். 'சந்தேகம் வந்துடுச்சு. அண்ணனோட அங்க அடையாளத்தை எழுதி வெச்சிருக்கா' என்று இவன் முடிவுகட்டினான்.

ஒரே வழிதான். அண்ணன் மாதிரியே யோசிப்பது!

திரையில் ஒரு நாய் வந்தது. இவனை நாய் இரண்டு முறை கடித்திருக்கிறது. அண்ணனுக்கோ நாய் என்றால் உயிர். 'செல்லமே, கண்ணே, வாடி ராசாத்தி' என்று மனசுக்குள் கொஞ்சினான். பழைய கடிவாய் சுரீர் என்றது.

அடுத்து ஒரு கட்டில். அண்ணன் கட்டிலைக் கண்டால் கொட்டாவி விடுவான். இவனும் விட்டான். கொஞ்சம் பெரிதாக விட்டதில் தொப்பி நழுவி மூக்கின் மேல் உட்கார்ந்தது.

"என்ன பண்றான் இவன்?" என்று பூதக்கண்ணாடி குனிந்தார்.

"மூளை வேலை செய்யுது சார்" என்றாள் அவள் அவசரமாக.

அடுத்து ஒரு சட்டை. வசமாக மாட்டினான். அண்ணனாக இருந்தால் சும்மா ஒரு சட்டை என்று விட்டுவிடுவான். இவன் மூளையோ கேட்காமலே காலரை அளந்து, பட்டன் ஓட்டை கோணல் என்று கண்டுபிடித்து, பிரித்துத் தைக்கவே ஆரம்பித்துவிட்டது. போச்சு! அண்ணன் வேலையும் போச்சு, தன் மானமும் போச்சு! கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

துண்டுச் சீட்டு சரசரக்கும் சத்தம் கேட்டது.

"ஒத்துப்போகுது சார்!" என்றாள் அவள். "நூத்துக்கு நூத்திரெண்டு."

"நூத்திரெண்டா?"

"புது மெஷின் சார். கொஞ்சம் தாராளமா போடும்."

பூதக்கண்ணாடி மோவாயைச் சொறிந்தார். திரையைப் பார்த்தார், அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "ம். அனுமதிச் சீட்டைக் குடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிடத்துக்குப் போய்விட்டார்.

இவனுக்குத் தலைகால் புரியவில்லை. தப்பித்தவன் சீட்டை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவேண்டுமே!

"மேடம், அது எப்படிங்க ஒத்துப்போச்சு? நான் அவன் இல்லையே, அவன் தம்பியாச்சே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "தெரியும்" என்றாள்.

"மெஷின் காட்டிக் குடுத்துடுச்சா?"

"மெஷினா?" அவள் தொப்பியின் ஒயரைத் தூக்கிக் காட்டினாள். அதன் நுனி எதிலும் சேராமல் அந்தரத்தில் ஆடியது. "இதை எங்க சொருகணும்னே எனக்குத் தெரியாதுங்க. 'படத்தை ஓட்டு, ஒத்துப்போகுதுன்னு சொல்லு'ன்னு சீட்டுல எழுதிக் குடுத்தா, படிச்சேன். அந்த ஆள் குனிஞ்சப்ப எனக்கு உயிரே போயிடுச்சு!"

"எழுதிக் குடுத்தாங்களா? யாரு?"

"எங்க அக்கா. இது அவளோட வேலை. நான் பூக்கடை வெச்சிருக்கேன். நாங்களும் ரெட்டைதான்."

இவன் 'ஆ'வென்று பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. இவனுக்கும் தொற்றிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் நடுங்கிக்கொண்டிருந்ததை நினைத்து நினைத்துச் சிரித்ததில் நாற்காலி கிறீச்சிட்டது.

"சரி, உங்க அக்கா எங்கே போயிட்டாங்க?" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஐயோ, உங்க அண்ணன் சொல்லவே இல்லையா? அவ ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இப்ப உங்களுக்கு அண்ணி ஆயிட்டிருக்கா!"