பழசைக் கொடுத்துப் புதுசு

"எங்கே கொண்டு போய்ப் போட்டேன்னு மட்டும் கேக்காத, ஜில். யாருக்கும் தொந்தரவில்லாத இடம். அவ்வளவுதான்."

டெரிக் சமையலறை வாசலில் நின்று சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றினான். அவன் மனைவி ஜில்லியன் ஜன்னல் வழியாகப் பின்தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் தோண்டி மூடிய இடத்தின் மேல் நாலு பூந்தொட்டிகள் உட்கார்ந்திருந்தன.

"ஒரு துண்டு வேர் விட்டாலும் திரும்ப முளைக்குமாமே?"

"எல்லாத்தையும் வாரிட்டேன். ஆறு மூட்டை. அப்படியே நம்ம புது வீட்டையும் எட்டிப் பார்த்துட்டு வந்தேன். கூரை போட்டுட்டாங்க."

"என் பூப்போட்ட மஞ்சள் கையுறையில ஒண்ணைக் காணோம்."

"மூட்டையோட போயிருக்கும். புது வீட்டுக்காரிக்கு ஒரு கையுறை பெரிய விஷயமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளால் படியேற முடியவில்லை. ஒன்றரை வருஷமாகக் கீழே சோபாவில்தான் படுக்கை. செஸ்டர்ஃபீல்டு ஊரில் மாடிப்படியே இல்லாத புது வீடு ஒன்றைப் பேசியிருந்தார்கள், மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அதைக் கட்டுகிற கம்பெனியே பழைய வீட்டை விலைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைக் கட்டினால் போதும் என்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வேலியோரம் ஜப்பான் களை சிவப்பு முளைகளாகத் தலை காட்டியது. கான்கிரீட்டையே பிளக்கிற சனியன். அது இருக்கிற வீட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது, எவனும் வாங்க மாட்டான். முப்பது வருஷம் கடன் கட்டிய வீடு செல்லாக்காசாகிவிடும்.

கம்பெனி கொடுத்த படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருந்தது. டெரிக் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கம்பெனி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஹாலம் வந்தார். டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றார். மாடியைப் பார்த்தார், பாய்லரைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு நேராகப் பின்தோட்டத்துக்கு நடந்தார். ஜில்லியன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஹாலம் பூந்தொட்டிகளுக்கு முன்னால் நின்றார். குனிந்து ஒன்றை நகர்த்தினார்.

"இங்கே என்ன புதுசா தோண்டியிருக்கீங்க?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள் ஜில்லியன்.

"நாய் சார்," என்றான் டெரிக். "எங்க நாயைப் புதைச்ச இடம். போன வாரம்தான்."

அவர்கள் நாயே வளர்த்ததில்லை. பயத்தில் ஜில்லியனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஹாலம் தொட்டியை மெதுவாகப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். அதோட பேர் என்ன?"

"பிஸ்கட்," என்றான் டெரிக். வேறெதுவும் அவன் வாயில் வரவில்லை.

"எங்க வீட்லயும் ஒண்ணு போன வருஷம் போச்சு. இன்னும் அதோட தட்டை எடுத்து வைக்க மனசு வரலை," என்று சொல்லிவிட்டு ஹாலம் குறிப்பேட்டை மூடினார்.

ஆனாலும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. தபால்காரர் வந்தால் திடுக்கிட்டாள், போன் அடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி சம்மதம் சொன்ன பிறகும், வக்கீல்கள் ஒப்பந்தத் தாள்களை மாற்றிக்கொண்ட பிறகும், சாவி கைக்கு வருகிறவரை அவள் யாரையும் நம்பவில்லை.

மே மாதம் சாவி வந்தது. கட்டுமான மேலாளர் காரெத் பூங்கொத்தும் கையுமாகப் புது வீட்டு வாசலில் நின்றார். ஜில்லியன் கைத்தடியில்லாமலே கூடத்திலிருந்து படுக்கையறைக்கு நடந்து பார்த்தாள். ஒரு படிகூட இல்லை. மூன்று மாதத்தில் அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"பின்னாடி வாங்கம்மா, உங்களுக்குன்னு ஒண்ணு பண்ணியிருக்கேன்," என்றார் காரெத்.

தோட்டம் முழுக்கக் கருகருவென்று மண் நிரவியிருந்தது.

"மத்த வீட்டுக்கெல்லாம் அரை அடிதான். இடுப்பு முடியாதவங்க, தோண்டச் சிரமப்படக் கூடாதுன்னு உங்களுக்கு மட்டும் ஒரு அடி போடச் சொன்னேன். இந்த மண்ணுல எதை வச்சாலும் சாகாது."

"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு. எங்கேருந்து கொண்டு வந்தீங்க?"

"எங்கேயும் போகலை. சைட்டுக்குப் பின்னால மேல்மண்ணை வழிச்சு ஒரு மலை குவிச்சிருந்தோமே, அதுதான். பக்கத்துல ஒரு ஆள்கூட போறதில்லை."

டெரிக்கின் கையிலிருந்து சாவிக்கொத்து நழுவியது.

"அந்தக் குவியலை லாரியில ஏத்தி வெளியே எங்கேயாவது கொண்டு போயிடுவீங்கன்னு நினைச்சேன்," என்றான்.

"நல்ல மண்ணை யாராவது வெளியே கொட்டுவாங்களா?" என்று காரெத் சிரித்தார்.

ஜில்லியன் சாவியை எடுக்கக் குனிந்தாள். புது மண்ணிலிருந்து பூப்போட்ட மஞ்சள் கையுறையின் ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டிச் சிவப்பாக, சுண்டுவிரல் உயரத்துக்கு, ஒரு முளை.