வரியில் இல்லாத தம்பி

அப்பாவை மருத்துவமனையில் சேர்த்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதே கட்டடத்தின் மாடியில்தான் அவளுக்கு வேலை. ஒவ்வொரு நோயாளியையும் பார்க்க வந்தவர்களைக் வரவேற்பறைக் கணினியில் கமா போட்டு ஒரே வரியாகத் தட்டிவிடுவார்கள். ‘ரெஜெக்ஸ்’ என்ற கணினிக் குறிவரியை எழுதி அதைத் தனித்தனியாகப் பிரிப்பது அவள் பொறுப்பு.

அப்பாவின் வரியில் ‘மனைவி, மகள்’ என்றுதான் இருந்தது. பிரித்தால் மூன்று துண்டு வந்தது. மூன்றாவது, ‘தம்பி’.

“கடைசியில ஒரு கமா ஒட்டிட்டிருக்கும்டி,” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

“அப்படின்னா காலியான துண்டுதானே வரணும்? இதுல ஆளே வருதே!”

கீழே ஓடினாள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா கிளம்பிட்டீங்க?”

“உன் சித்தப்பா வந்திருக்கான்மா. கூட்டிட்டுப் போறேன்னு வெளியில நிக்கிறான்.”

அவருடைய இதயம் தாங்காது என்று வீடே மறைத்துவைத்திருந்ததை, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்.

“போகாதீங்கப்பா. சித்தப்பா தவறிப்போய் ஒரு மாசம் ஆச்சு.”