ஓராள் இருக்கை

பூங்காவின் அடுத்த முப்பதாண்டுத் திட்டத்தில் வாசுதேவ அடிகா ஒரு விதியைச் சேர்க்கக் குடியிருப்போர் சங்கக் கூட்டந்தோறும் மன்றாடினார்: இனி ஓராள் இருக்கைகள் மட்டுமே, இருவர் அமரும் பலகை ஒன்றும் கூடாது. பெங்களூரின் அந்தப் பேட்டையில் அதற்கு இசைவார் ஒருவருமில்லை.

"ஜோடியா உக்காந்தா உங்களுக்கென்ன சார் வலிக்குது?" என்று சிரித்தார் செயலாளர் கௌடா.

"எங்க மொட்டைமாடியிலேர்ந்து தினம் பாக்கறேன்! மத்தியானமானா புங்கமரத்தடியில ஒரு ஜோடி, முதுகைக் காட்டிக்கிட்டு! வாங்க, நீங்களே பாருங்க!"

மனம் புழுங்கிய அடிகா, கௌடாவைக் கையோடு புங்கமரத்தடிக்கு இழுத்துச் சென்றார். வெயிலுக்கு முக்காடிட்ட பெண்ணும் தொப்பியணிந்த ஆணும் ஒரே டப்பாவில் சித்ரான்னம் உண்டபடி நகைத்துக்கொண்டிருந்தனர்.

"அங்க என்ன பேச்சு, என்ன சிரிப்பு?" பின்னிருந்து சீறினார் அடிகா. "பேசணும்னா வீட்டுல போய்ப் பேசுங்க!"

இருவரும் திடுக்கிட்டு எழுந்து திரும்பினர். தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தவன் அவர் பெற்ற மகன்.

மருமகள் மட்டும் நிமிர்ந்தே நின்றாள்.

"வீட்டுல பேசினாலும், 'அங்க என்ன பேச்சு, என்ன சிரிப்பு'ன்னு இதே மாதிரிதானே கேக்கறீங்க, மாமா?"