மனப்பாடம்

குழந்தை செத்த கதையை அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். குரல் உடையவில்லை, கண் கலங்கவில்லை.

"காய்ச்சல்லதான் ஆரம்பிச்சதும்மா. மறுநாள் வலிப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா, தலைவர் கூட்டத்துக்கு வர்றாருன்னு பாலத்தை மூடிட்டாங்க. காலைப் பிடிச்சுக் கெஞ்சினோம். பாலத்துலயே மூச்சு நின்னுபோச்சு."

ஏழை நாடுகளில் குழந்தைகள் ஏன் சாகின்றன என்று கண்டம் முழுக்க வீடு வீடாகக் கேட்கும் ஆய்வு அது. கேட்க வந்தவளும் ஒரு குழந்தைக்குத் தாய்தான். இறந்த குழந்தைக்கு என்ன உறவு என்பதுதான் முதல் கேள்வி. மடியில் இருந்த சின்னச் சட்டைகளைப் பார்த்ததும் அதைக் கேட்க மனம் வராமல் தாண்டியிருந்தாள்.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் போதும். அவள் இதுவரை சாவை எழுதிக்கொண்ட குழந்தைகள் கட்டிலைச் சுற்றி வந்து நிற்கும். அழாது, எதுவும் கேட்காது. சும்மா நிற்கும். அவளால் ஆனது, ஒவ்வொன்றுக்காகவும் ஒரு பிரார்த்தனை.

வாசலில் நின்ற ஜீப் டிரைவர் குனிந்து கிசுகிசுத்தான். "அப்படியே ஒப்பிக்குது பாருங்க மேடம். பெத்த வயிறு இப்படியா பேசும்? உதவி கிடைக்கும்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கான்."

"சும்மா இருங்க அண்ணே."

அதட்டினாளே தவிர, அவளுக்கும் உறுத்தியது. 'நம்பும்படி இல்லை' என்று அவள் எழுதிவிட்டால், பாலம் மூடிய விஷயம் அறிக்கையில் ஏறாது. அடுத்த கூட்டத்துக்கும் மூடுவார்கள். இன்னொரு குழந்தையும் கட்டிலருகே வந்து நிற்கும்.

"கடைசியா ஏதாவது பேசினானாம்மா?"

மடித்துக்கொண்டிருந்த கை முதல் தடவையாக நின்றது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஒரே அறைதான் வீடு. சுவரோரம் இன்னொருத்தி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் யாரென்றுகூடத் தலை நிமிரவில்லை.

"அது மட்டும் வேண்டாம்மா. விட்டுடுங்க."

"பாடத்துல அது இல்ல போல" என்றான் டிரைவர்.

ஆய்வுக்காரி பேனாவை மூடிக்கொண்டு எழுந்தாள். வழியனுப்ப அந்த அம்மாளும் வாசல்வரை வந்தாள். ஜீப்பில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க சொன்னதெல்லாம் நிஜமா?"

"சாமி சத்தியமா நிஜம். பாலத்துல நானும்தான் நின்னேன். சுகாதாரத்துலேருந்து வந்தாங்க, பத்திரிகைக்காரங்க வந்தாங்க, கட்சிக்காரங்களும் வந்தாங்க. யார் வந்தாலும் நான்தான் முன்னாடி வந்து உக்காந்து சொல்றது."

"அப்புறம் எப்படிம்மா ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாம சொல்ல முடியுது?"

அந்த அம்மாள் கதவை மெல்லச் சாத்தினாள். அதுவரை காய்ந்திருந்த கண்கள் அப்போதுதான் நிறைந்தன.

"நானும் அழுதுட்டா, உள்ள கல் பொறுக்கிட்டிருக்கிற பெத்தவளை யாரும்மா தாங்குறது?"